மழையில்லா பெய்யுது, அதாக்கும்

ஐப்பசி மாதம் மத்தியானம் மூன்று மணியைத் தாண்டினால் குமரி மாவட்டத்தில் பல வீட்டு டிவிகளில் ஒரே வாசகம்தான் ஓடும்: சிக்னல் இல்லை. டிஷ் மாட்டிவிட்டுப் போன பையனுக்குப் போன் போட்டால் பதில் தயாராக இருக்கும். "மழையில்லா பெய்யுது அண்ணே, அதாக்கும். மாறினா தன்னால வந்துரும்." மழைதான் காரணமாம், நின்றால் சரியாகிவிடுமாம். மழை மாறுகிறது, படமும் வருகிறது, பையன் சொன்னது பலித்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் பலிக்கிற பதில் இது. அதனாலேயே எனக்கு இதன்மேல் சந்தேகம். நோயாளி செத்தாலும் பிழைத்தாலும் 'எல்லாம் விதி' என்று சொல்லும் வைத்தியர் மாதிரி, இந்தப் பதிலையும் யாராலும் பொய்யென்று காட்ட முடியாது. ஆனால் பக்கத்து வீட்டைப் பாருங்கள். அதே கம்பெனி, அதே அளவு டிஷ், அதே மழை. அங்கே சீரியல் ஓடிக்கொண்டிருக்கிறது, இங்கே திரை கறுத்துக் கிடக்கிறது. மழை மதில் பார்த்துப் பெய்யாது அல்லவா?

மழைக்கு டிஷ் சிக்னலை அடக்கும் சக்தி உண்டு, அதில் மாற்றுக்கருத்தே இல்லை. நம் வீட்டு டிஷ்கள் வாங்குவது கே.யு. பேண்ட் அலை, ஏறத்தாழ 11, 12 கிகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர் சொச்சம். பெரிய மழைத்துளிகள் அந்த அலையை உறிஞ்சவும் செய்யும், சிதறடிக்கவும் செய்யும். கேபிள்காரர்கள் வைத்திருக்கும் பெரிய டிஷ்கள் சி பேண்டில், 4 கிகாஹெர்ட்ஸை ஒட்டி வாங்குபவை. அந்த நீண்ட அலையை மழை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. அடைமழையிலும் கேபிள் வீட்டில் படம் ஓடுவதற்கு இதுதான் காரணம், கம்பி வழியாக வருவதால் அல்ல. ஆனால் எந்த மழை, எவ்வளவு மழை என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஆனி, ஆடியில் பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் நாள் முழுக்கப் பெய்வது சாரல். மணிக்கு 5 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு 0.2 டெசிபல்கூட (சிக்னலின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு) போகாது. மேகத்திலிருந்து டிஷ் வரை ஐந்தாறு கிலோமீட்டர் மழைக்குள் கடந்தாலும் மொத்த இழப்பு ஒரு டெசிபல் அளவுதான். ஒழுங்காகப் பூட்டிய டிஷ்ஷுக்கு இது தூசி. ஐப்பசியிலும் சித்திரையிலும் வரும் இடிமழை வேறு ஜாதி. மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டினால் கிலோமீட்டருக்கு இரண்டரை டெசிபல், 100 மில்லிமீட்டர் என்றால் ஐந்துக்கு மேல். 3 டெசிபல் போனாலே சிக்னல் பாதியாகிவிடும். அந்த மழையில் எந்த 60 சென்டிமீட்டர் டிஷ்ஷும் சாயும், அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆக ஆடிச் சாரலுக்கே உங்கள் டிவி போகிறது என்றால், அது மழையின் வேலை இல்லை.

புள்ளி விழுந்த காலம்

டிஷ் வருவதற்கு முன்னால் இந்த மாவட்டத்துக் கூரைகளில் நின்றது மீன்முள் ஆன்டெனா. திருவனந்தபுரத்துக்கு ஒரு பக்கம், கொடைக்கானலுக்கு ஒரு பக்கம், 1982-இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினிக்கு இன்னொரு பக்கம் என்று குழாயைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் படத்தில் ஒரு நேர்மை இருந்தது. சிக்னல் குறையக் குறையத் திரையில் புள்ளி கூடும். கொஞ்சம் குறைந்தால் கொஞ்சம் புள்ளி, நிறையக் குறைந்தால் அரிசி கொட்டினாற்போல. ஆன்டெனா திசை மாறியதைத் திரையே காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு மெக்கானிக் தேவையில்லை, மூன்றாம் வகுப்புப் பிள்ளை போதும்.

டிஜிட்டல் வந்ததும் அந்தப் புள்ளி போய்விட்டது. நாம் அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டோம். டிஜிட்டலில் சிக்னல் ஒரு எல்லைக்கு மேல் இருக்கும்வரை படம் அப்பழுக்கில்லாமல் இருக்கும். எல்லையை மயிரிழையில் தாண்டி நின்றாலும் அதே படம், எல்லையைவிட ஏழெட்டு டெசிபல் உயரே நின்றாலும் அதே படம். எல்லைக்குக் கீழே இறங்கிய நொடியில் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடும். நடுவில் படிக்கட்டு கிடையாது, நேரே கிணறுதான். ஆக, வெயில் நாளில் மாட்டப்பட்ட டிஷ் எவ்வளவு கையிருப்போடு நிற்கிறது என்பது பார்க்கிறவருக்கும் தெரியாது, மாட்டியவருக்கும் தெரியாது. படம் வந்தது, கையெழுத்து வாங்கியாயிற்று, அடுத்த வீட்டிலிருந்து அழைப்பு. அந்த டிஷ் கிணற்று விளிம்பில் நிற்பது முதல் மழையில்தான் வெளியே வரும், அன்றைக்கும் பழி மழைக்கே போகும்.

புள்ளிக்குப் பதிலாக நமக்குக் கிடைத்திருப்பது செட்டாப் பாக்ஸ் மெனுவுக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு பட்டைகள். பெட்டிக்குப் பெட்டி பெயர் மாறும். பெரும்பாலும் செட்டிங்ஸ், அதற்குள் இன்ஸ்டலேஷன் அல்லது சிக்னல் என்று இருக்கும். ஒன்று ஸ்ட்ரெங்த், மற்றது குவாலிட்டி. எல்லாரும் ஸ்ட்ரெங்த்தைப் பார்த்து ஏமாறுவார்கள். டிஷ்ஷை வெறும் வானத்துக்குத் திருப்பி வைத்தாலும் தட்டுக்கு முன்னால் கம்பி நுனியில் நின்று சிக்னலை வாங்கும் எல்.என்.பி. தன் சொந்த இரைச்சலையே பெருக்கி அனுப்பும். ஸ்ட்ரெங்த் தாராளமாக ஏறி நிற்கும். பார்க்க வேண்டியது குவாலிட்டி மட்டும்தான். மழையில் விழுவதும் அதுதான். எச்.டி. சேனல்கள் பெரும்பாலும் அடர்த்தியான முறையில் ஏற்றப்படுவதால் அவற்றின் எல்லை கொஞ்சம் உயரம், மழையில் முதலில் சாய்வதும் அவைதான். எச்.டி. போனதும் அதே சேனலின் சாதாரண எண்ணை அழுத்திப் பார்த்தால் படம் ஓடுவதுண்டு.

தென்னை நிழல்

குமரியில் நாம் நிலநடுக்கோட்டுக்கு வெறும் 8 டிகிரி வடக்கே இருக்கிறோம். துணைக்கோள்கள் நிற்பது நிலநடுக்கோட்டுக்கு மேலே, சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில். அதனால் நம் டிஷ் ஏறக்குறைய உச்சியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சன் டைரக்ட்டும் டிடி ஃப்ரீ டிஷ்ஷும் இருக்கும் 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு நாகர்கோவிலிலிருந்து கணக்குப் போட்டால் தொடுவானத்திலிருந்து 69 டிகிரி உயரம், திசை கிழக்கிலிருந்து 26 டிகிரி தெற்காக. டாடா பிளே இருக்கும் 83 டிகிரிக்கு 78 டிகிரி உயரம், அநேகமாகத் தலைக்கு நேர் மேலே. ஏர்டெல் இருக்கும் 108.2 டிகிரிக்கு 53 டிகிரி உயரம்தான், கிட்டத்தட்ட நேர் கிழக்கு.

இந்த எண்களுக்கும் தென்னைக்கும் என்ன சம்பந்தம் என்றால், சம்பந்தம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. டிஷ் மட்டத்துக்கு மேலே 15 மீட்டர் உயர்ந்த ஒரு தென்னை நிற்கிறது என்று வையுங்கள். 93.5-க்கு அது டிஷ்ஷிலிருந்து 6 மீட்டருக்குள் அந்தத் திசையில் இருந்தால் தலை குறுக்கே வரும். 83-க்கு 3 மீட்டர் தள்ளினாலே போதும். 108.2-க்கோ 11 மீட்டருக்கு மேல் வேண்டும். ஓலையின் நீளத்துக்காக எல்லாவற்றோடும் இன்னும் நான்கைந்து மீட்டர் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிழக்கே அடர்ந்த தென்னந்தோப்பு உள்ள வீட்டுக்கு எந்த டிடிஎச் நல்லது என்ற கேள்விக்குச் சேனல் பட்டியலைவிட இந்தக் கணக்குத்தான் சரியான விடை சொல்லும். கடையில் யாரும் இதைச் சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை.

இதில் ஒரு கண்மாயமும் உண்டு. வீட்டு டிஷ்கள் ஆஃப்செட் வகை. பார்ப்பதற்கு அது நோக்குவதுபோல் தெரியும் இடம் ஒன்று, உண்மையில் நோக்கும் இடம் அதைவிட 24 டிகிரி அளவுக்கு மேலே. அதனால்தான் 'முன்னாடி வானம் வெட்டவெளியாத்தான் கிடக்கு' என்று சாதிக்கும் வீட்டில், தலைக்கு மேலே சாய்ந்து வந்த ஓலையை யாரும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். காய்ந்த ஓலை கொஞ்சம் சிக்னலை விட்டுவிடும், கையிருப்பில் அது அடங்கிப்போகும். நனைந்து தொங்கும் ஓலை அப்படியல்ல, தண்ணீர்த் திரை மாதிரி. மழை வந்தால் படம் போகிறது, மழை மாறி ஓலை உலர்ந்ததும் வருகிறது. அறிகுறி அப்படியே மழைக்குரியது, நோயோ தென்னையில். மழை மாறிய பிறகும் கால் மணி, அரை மணி கழித்துத்தான் படம் வருகிறது, காற்றடித்தால் விட்டுவிட்டு வருகிறது என்றால் முதலில் நிமிர்ந்து ஓலையைப் பாருங்கள்.

பாகைமானி வேண்டாம், சூரியன் போதும். மார்ச் 16, 17-ஐ ஒட்டியும் செப்டம்பர் 26, 27-ஐ ஒட்டியும் சூரியன் சரியாக இந்தத் துணைக்கோள்களுக்குப் பின்னால் வந்து போகும். 93.5-க்கு மார்ச்சில் காலை 11 மணி 15 நிமிடம் வாக்கில், செப்டம்பரில் 11-க்குச் சற்று முன்னால். 108.2-க்குப் பத்து மணியை ஒட்டி, 83-க்குப் பன்னிரண்டை ஒட்டி. அந்த நாட்களில் சில நிமிடம் படம் உடைவதும் இதனால்தான், அதைப் பழுதென்று நினைத்து ஆளைக் கூப்பிட வேண்டாம். அந்த நேரத்தில் மாடிக்குப் போய்ப் பாருங்கள். டிஷ் தட்டின்மேல் ஓலை நிழல் விழுந்தால், அந்த ஓலைதான் சிக்னல் வரும் வழியில் நிற்கிறது. நிழல் சொல்லும் மட்டையை மட்டும் வெட்டினால் போதும், மரம் தப்பிக்கும்.

திருகாத எல்.என்.பி.

பூட்டும்போது நடக்கும் தவறுகளில் இந்த மாவட்டத்துக்கென்றே ஒன்று உண்டு. எல்.என்.பி.யை அதன் பிடிக்குள் எவ்வளவு திருகி வைப்பது என்பது ஊருக்கு ஊர் மாறும். 93.5-க்குத் தில்லியில் 27 டிகிரி, சென்னையில் 45, நாகர்கோவிலில் 63 என்று கணக்கு வரும். எங்கோ வடக்கே எடுத்த வீடியோவைப் பார்த்துப் படித்தவர், அதில் இருந்ததுபோல லேசாகத் திருகிவிட்டு இறுக்கிவிடுவார். சென்னைக் கோணத்தில் வைத்தால் 18 டிகிரி பிசகு. சிக்னல் அளவில் போவது அரை டெசிபல்கூட இல்லை, ஸ்ட்ரெங்த் பட்டையில் அது தெரியவே தெரியாது. ஆனால் செங்குத்து அலையில் வருவதும் கிடைமட்ட அலையில் வருவதும் ஒன்றுக்குள் ஒன்று கசியத் தொடங்கும். குவாலிட்டி இறங்கும், அதுவும் சில சேனல்களில் மட்டும். 'மழ தூறினா இந்த நாலு சேனல் மட்டும் போவுது' என்ற புகார் வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். பிடியின் திருகைத் தளர்த்தி எல்.என்.பி.யைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி, பாதிக்கப்பட்ட சேனலின் குவாலிட்டி உச்சத்துக்கு வரும் இடத்தில் இறுக்கினால் தீர்ந்தது. ஐந்து நிமிட வேலை.

அடுத்தது ஸ்டாண்ட். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் 3 டிகிரிதான். 1 டிகிரி விலகினால் ஒரு டெசிபலுக்கு மேல் போகும், ஒன்றரை டிகிரி விலகினால் 3 டெசிபல். 1 டிகிரி என்பது தட்டின் மேல்விளிம்பு ஒரே ஒரு சென்டிமீட்டர் நகர்வது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில், வைகாசி முதல் புரட்டாசி வரை, ஒரு சென்டிமீட்டர் நகர எவ்வளவு நேரமாகும்? 2017 நவம்பர் 30-இல் வந்த ஒக்கி மாதிரிக் காற்றை எந்த ஸ்டாண்டும் தாங்காது, நான் பேசுவது அதைப் பற்றியல்ல. அன்றாடக் காற்றுக்கே ஆடும் ஸ்டாண்டுகளைப் பற்றி. பூச்சுக்குள் மட்டும் இறங்கிய போல்ட், செங்கல் கைப்பிடிச் சுவரில் அடித்த இரண்டு ஆணி, நான்கு ஓட்டையில் மூன்றை மட்டும் பூட்டிய அடித்தட்டு. கான்கிரீட்டுக்குள் 5, 6 சென்டிமீட்டராவது இறங்கிய ஆங்கர் போல்ட் நான்கு வேண்டும். குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்து இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். குழாய் சாய்ந்திருந்தால் டிஷ்ஷின் பின்னால் அச்சடித்திருக்கும் டிகிரி எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

ஈரத் துவர்த்து

வெயில் நாளில் கையிருப்பை அளக்க ஒரு வழி இருக்கிறது. பழைய டிஷ்காரர்கள் சிலருக்குத் தெரியும், புதியவர்கள் செய்வதில்லை. மெல்லிய துவர்த்து, அதாவது துண்டு ஒன்றை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒற்றை மடிப்பாக எல்.என்.பி.யின் வாய்மேல் போடுங்கள். அதுதான் செயற்கை மழை. கனமான டவல் போட்டால் எந்த டிஷ்ஷும் செத்துவிடும், அது சோதனையாகாது. ஈரத் துணியோடு படம் ஓடினால் அந்த டிஷ் சுமாரான மழையைத் தாங்கும். துணி பட்டதும் கறுத்தால் அது விளிம்பில் நிற்கிறது.

பூட்டும்போதும் இதே துணிதான் கைகொடுக்கும். குவாலிட்டி ஏற்கெனவே உயரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் எந்தப் பக்கம் நகர்த்துவது என்று தெரியாது. துணி போட்டதும் பட்டை நடுவுக்கு இறங்கும், அப்போது சின்ன நகர்வும் கண்ணுக்குத் தெரியும். நட்டைப் பாதி தளர்த்தி, ஒரு தடவைக்கு இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தி, நான்கு எண்ணும்வரை காத்திருக்க வேண்டும். பட்டை கொஞ்சம் தாமதித்துத்தான் காட்டும். அவசரக்காரர்கள் தவறவிடுவது இங்கேதான். இடப்பக்கம் குவாலிட்டி விழும் இடத்தைப் பென்சிலால் குறித்து, வலப்பக்கம் விழும் இடத்தையும் குறித்து, இரண்டுக்கும் நடுவில் நிறுத்த வேண்டும். மேல்கீழுக்கும் இதேபோல. பிறகு நட்டுகளை மாறிமாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரே பக்கம் முழுக்க முறுக்கினால் இறுக்கும் வேகத்திலேயே அரை டிகிரி திரும்பிவிடும். இவ்வளவு செய்தும் போதவில்லை என்றால் 90 சென்டிமீட்டர் டிஷ், மூன்றரை டெசிபல் கூடுதல். ஆனால் அதன் பார்வை அகலம் 2 டிகிரிதான். ஆடும் ஸ்டாண்டில் பெரிய டிஷ் வைப்பது இருப்பதையும் கெடுக்கும்.

கடலோரத்துக்கு வேறு கதை. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கத்தில் எல்.என்.பி.யும் தட்டும் சாவதற்கு முன்னால் கனெக்டர் சாகும். சாதாரணக் கேபிளின் நடுக்கம்பி செம்பல்ல, செம்பு பூசிய இரும்பு. உப்புக்காற்று உள்ளே போனால் பூச்சு பச்சைபிடித்து, அடியில் துரு ஏறும். எல்.என்.பி. எந்த அலையை வாங்க வேண்டும் என்பதைச் செட்டாப் பாக்ஸ் 13 வோல்ட், 18 வோல்ட் என்று மாற்றி அனுப்பித்தான் சொல்கிறது. துருப்பிடித்த மூட்டில் வோல்டேஜ் இறங்கி 18 போய்ச்சேராவிட்டால், எல்.என்.பி. அதை 13 என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு பாதி சேனல்கள் கூட்டமாகக் காணாமல்போகும். மூட்டில் ஈரம் ஏறும் மழைநாளில்தான் இதுவும் நடக்கும், பழி யாருக்கு என்று சொல்லவேண்டியதில்லை.

பெட்டியின் மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி பளபளவென்று இருக்க வேண்டும். பச்சையோ கறுப்போ தெரிந்தால் கேபிளை ஒரு சாண் வெட்டித் தள்ளுங்கள், உள்வலை வெளுப்பாகத் தெரியும்வரை. வலையின் ஒரு நூல்கூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது, தொட்டால் ஷார்ட். நடுக்கம்பி கனெக்டர் வாயிலிருந்து 2, 3 மில்லிமீட்டர் மட்டும் வெளியே நீண்டிருக்க வேண்டும். கையால் முறுக்கும் கனெக்டர் கடற்கரைக்கு ஆகாது, அழுத்திப் பூட்டுவது வாங்குங்கள். மேலே சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றினால் ஒரு வெயிலில் பசை உருகிப் பிரிந்துவிடும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும், அதை இழுத்துச் சுற்ற வேண்டும். கேபிள் எல்.என்.பி.யிலிருந்து இறங்கும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கே சொட்டிவிடும், மூட்டுக்குள் ஓடாது. எல்.என்.பி.க்குத் தொப்பியாகத் தண்ணீர் பாட்டிலை வெட்டி மாட்டுவது நல்ல யோசனைதான், ஆனால் பாதிப்பேர் வாயையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். பாட்டில்மேல் படியும் நீர்ப்படலம் அந்த ஈரத் துவர்த்து செய்யும் வேலையைத்தான் செய்யும். உடலையும் கனெக்டரையும் மூடுங்கள், வாயைத் திறந்து விடுங்கள். காக்கை கொத்தி வாய்மூடியில் கீறல் விழுந்திருந்தால் ஒட்டவைக்கப் பார்க்க வேண்டாம், எல்.என்.பி.யை மாற்றிவிடுங்கள்.

'இப்போ எல்லாம் போன்லதானே பாக்குறாங்க, இதுக்கு இவ்வளவு பாடா' என்று கேட்பவர்கள் உண்டு. ஃபைபர் வந்த வீட்டிலும் மட்டை விழுந்து கம்பி அறுந்தால் இரண்டு நாள் காத்திருப்புதான். மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் வைத்துக்கொண்டு செய்தி பார்க்கும் முதியவர்களுக்குப் போன் மாற்றாகவும் ஆகாது.

எல்லாம் சரிசெய்த அன்றைக்கு, வானம் தெளிந்திருக்கும்போது, நான்கைந்து சேனல்களில் குவாலிட்டி எவ்வளவு என்று டிவி அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் தேதியோடு பென்சிலால் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து இதேபோன்ற தெளிந்த நாளில் ஒருமுறை ஒப்பிட்டால் போதும். 85 இருந்த இடத்தில் 61 தெரிந்தால் ஆளைக் கூப்பிடலாம். அவர் மழை என்று தொடங்கினால் கதவைத் திறந்து எண்ணைக் காட்டுங்கள்.

"வெயிலில்லா அடிக்குது மக்கா. ஏணி அங்க சாத்தியிருக்கு, ஏறிப் பாரு."